கை ஏன் கைப்பேசிக்குப் போகிறது?

“முன்பெல்லாம் முந்நூறு பக்க நூலை இரண்டு நாளில் படித்து முடிப்பேன். இப்போது நான்கு பக்கம் தாண்டுவதற்குள் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்துப் பார்த்துவிட்டேன்; பயனில்லை. என் மூளையின் கவனத்திறனே தேய்ந்துவிட்டதா? அதை மீட்க வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அச்சுக்குப் போகும் நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவதே என் தொழில். ஒரு வரியில் கண் வழுக்கினால் அந்தப் பிழை ஆயிரம் படிகளில் அச்சாகிவிடும். அதனால் கவனம் எப்போது நழுவுகிறது, ஏன் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அந்த அனுபவத்தையும், உளவியலாளர்களின் ஆய்வுகளில் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அச்சம். மனிதரின் கவனம் 12 நொடியிலிருந்து 8 நொடியாகக் குறைந்துவிட்டது, தங்கமீன்கூட நம்மைவிட ஒரு நொடி கூடுதலாகக் கவனிக்கிறது என்றொரு செய்தி 2015 முதல் சுற்றிவருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா கிளை விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட அறிக்கை ஒன்றில் அது இடம்பெற்றதால் பலரும் நம்பிவிட்டார்கள். அந்த எண்கள் எந்த ஆய்விலிருந்து வந்தன என்று தேடிப் போனவர்களுக்கு உருப்படியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஒரு துப்பறியும் தொடரின் ஆறு பகுதிகளை ஒரே இரவில் பார்த்து முடிக்கிறவருக்குக் கவனிக்கும் ஆற்றல் இல்லையென்று எப்படிச் சொல்ல முடியும்? உங்களுக்கும் ஆற்றல் அப்படியே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். செய்கிற வேலை சற்றே கடினமாகும் நொடியில் அதைவிட்டு விலகும் பழக்கம் ஒன்று அதன்மேல் படிந்திருக்கிறது. இந்தப் பதில் முழுவதும் அந்த விலகும் நொடியைப் பற்றியதுதான்.

கவனம் என்றால் அசையாத தீபம்போல் மனம் ஒன்றிலேயே நிற்பது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி நிற்காதபோது நம்மிடம் ஏதோ குறை இருப்பதாக வருந்துகிறோம். 1890இல் வெளிவந்த தம் உளவியல் நூலில் வில்லியம் ஜேம்ஸ், நாமாக வலிந்து செலுத்தும் கவனம் ஒரு மூச்சில் சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை என்றும், நீடித்த கவனம் என்று நாம் அழைப்பது நழுவிய மனத்தை மீண்டும் மீண்டும் அழைத்து வரும் முயற்சிகளின் தொடர்ச்சியே என்றும் எழுதினார். மின்விளக்கே வீடுகளுக்குப் புதிதாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது இது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரைகளைக் கண்காணித்த வீரர்கள் நேரம் செல்லச் செல்ல அடையாளங்களைத் தவறவிடுவது கண்டு, பிரிட்டனின் நார்மன் மேக்வொர்த் ஒரு சோதனையை வடிவமைத்தார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அந்தத் தாவலைக் கண்டு சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்த அச்சோதனையில், முதல் அரைமணி நேரத்துக்குள்ளாகவே தவறவிடுதல் கூடிவிட்டது என்று 1948இல் அவர் வெளியிட்டார். அவர்களில் எவரிடமும் கைப்பேசி இல்லை. ஆகவே மனம் நழுவுவதைக் குறையாக எண்ணி வருந்த வேண்டாம். நழுவிய மனம் எங்கே போய் விழுகிறது, அங்கிருந்து திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்பதில்தான் இக்காலம் வேறுபடுகிறது.

மெய்ப்புத் திருத்தும்போது இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு நீண்ட வாக்கியத்தைச் சரிபார்க்கும் வேளையில் அதன் எழுவாய் ஒருமையா பன்மையா, முந்திய பத்தியில் இதே ஊர்ப் பெயரை ஆசிரியர் எப்படி எழுதியிருந்தார், மேற்கோள் குறி எங்கே திறந்தது, அடிக்குறிப்பு எண் எத்தனை ஆகிய நான்கையும் மனத்தில் ஏந்திக்கொண்டே பயனிலையை நோக்கிச் செல்ல வேண்டும். நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நம் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியவை ஏறத்தாழ நான்குதான் என்று மதிப்பிட்டார். அந்த நான்கையும் ஏந்தியிருக்கும் நொடியில் “சாப்பிட்டாச்சா?” என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. பதில் எழுத ஐந்து நொடிகூட ஆகாது. ஆனால் திரும்பி வரும்போது நான்கும் கீழே சிந்திக் கிடக்கின்றன. பத்தியின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஐந்து நொடி இடையூறு என்று கணக்கெழுதுகிறோம். பொறுக்கிய நேரத்தை எவரும் எழுதுவதில்லை.

பொறுக்கி முடித்த பிறகும் ஒரு பங்கு மனம் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது முந்தையதன் எச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த வேலையின் தரத்தைக் குறைப்பதை சோஃபி லெராய் 2009இல் ஆய்வு செய்து, அதற்குக் ‘கவன எச்சம்’ என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார். இந்தச் சொல்லைக் கேட்டபோது, பல ஆண்டுகளாகப் பெயர் தெரியாமல் அவதிப்பட்ட ஒரு நோய்க்குப் பெயர் தெரிந்ததுபோல் எனக்கு இருந்தது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அறிவிப்புகளை அணைத்தும் ஏன் பயனில்லை? அணைத்தது சரியான செயலே. கைப்பேசியை எடுத்துப் பார்க்காவிட்டாலும், அறிவிப்பு வந்த ஒலியோ அதிர்வோ மட்டுமே கவனம் தேவைப்படும் வேலையைக் கெடுக்கிறது என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது பாதி வாசலை அடைத்தது போலத்தான். அலுவலகங்களில் மனிதர்கள் திரையில் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று நெடுங்காலமாக அளந்துவரும் குளோரியா மார்க், ஒரே திரையில் கவனம் நிலைக்கும் நேரம் 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது 2012இல் 75 நொடியாகவும், பின்னர் ஏறத்தாழ 47 நொடியாகவும் சுருங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வேலை தடைப்பட்ட நேரங்களில் கிட்டத்தட்டப் பாதியில், தடுத்தவர் வேறு யாரும் இல்லை. அவரவரே தம்மை இடைமறித்துக்கொண்டார்கள். அதிலும் வெளித்தடங்கல்கள் மிகுந்த ஒரு மணி நேரத்துக்கு அடுத்த மணி நேரத்தில் இந்தத் தன்னிடைமறிப்பு கூடியது. வெளியே மணி அடிப்பது நின்ற பிறகு, பழகிய தாளத்தில் உள்ளே ஒரு மணி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் அணைத்தது வெளிமணியை.

உள்மணி எப்போது அடிக்கிறது என்று அறிய, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு சோதனை செய்தேன். மெய்ப்புத் தாள்களின் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டேன். கை கைப்பேசியை நோக்கி எழும்போதெல்லாம் அதில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் பக்கத்தில், அப்போது படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் எண். கைப்பேசியை எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் கிடையாது. கோடு போட்ட பிறகு எடுக்கலாம். அன்று மாலை எண்ணியபோது கோடுகள் முப்பதைத் தாண்டியிருந்தன. எண்ணிக்கையைவிட அவை விழுந்திருந்த இடங்கள்தான் எனக்குப் பாடம் சொல்லின. களைப்பினால் விழுந்தவை சொற்பம். பெரும்பாலானவை ஒரே வகையான இடங்களில் குவிந்திருந்தன: கூட்டல் சரிபார்க்க வேண்டிய அட்டவணை, எண் மாறிப்போன அடிக்குறிப்பு, இரண்டு முறை படித்தும் பொருள் பிடிபடாமல், திருத்துவதா ஆசிரியரிடம் கேட்பதா என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்த வாக்கியம். வழுவழுவென்று ஓடிய பக்கங்களில் கை அசையவே இல்லை.

அதாவது, கைப்பேசி என்னை இழுப்பதற்கு முன்பே வேலை என்னைத் தள்ளியிருக்கிறது. ‘இது எனக்குப் புரியவில்லை’, ‘இங்கே நான் முடிவு செய்ய வேண்டும்’ என்ற மிகச் சிறிய சங்கடம் முதலில் வருகிறது. அதிலிருந்து தப்பிக்கும் வழியாகவே கை எழுகிறது. முன்பும் இந்தச் சங்கடம் இருந்தது. அப்போது தப்பிக்க வேண்டுமென்றால் எழுந்து சென்று தண்ணீர் குடிக்கலாம், பென்சில் சீவலாம். இரண்டு நிமிடத்தில் அவையும் சலித்து, வேறு வழியின்றி அட்டவணைக்கே திரும்ப வேண்டியிருந்தது. பென்சில் சீவுவதற்கு ஒரு முடிவு உண்டு.

கைப்பேசிக்கு அந்த முடிவு இல்லாமல் போனது தற்செயல் இல்லை. இணையப் பக்கங்களுக்கு அடிப்பகுதி என்று ஒன்று இருந்த வரை, அங்கே வந்து நின்று ‘இன்னும் பார்க்கலாமா, போதுமா’ என்று நம்மை நாமே கேட்க ஓர் இடம் இருந்தது. விரலைத் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் பக்க அமைப்பை 2006இல் உருவாக்கியவர் ஏஸா ராஸ்கின். பிற்காலத்தில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். இத்துடன், பரிசு எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபோதுதான் விலங்குகள் விடாப்பிடியாக ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன என்று உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் விரிவாகப் பதிவு செய்ததையும் சேர்த்துப் பாருங்கள். பத்து முறை திறந்தால் ஒன்பது முறை ஒன்றுமில்லை. பத்தாவது முறை ஒரு நல்ல செய்தி. அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் பதினோராவது முறையும் கை போகிறது.

அப்படியானால் என்ன செய்வது? மன உறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. அதை நான் சொல்லப்போவதில்லை. சங்கடம் வந்து கை எழுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. அந்த இடைவெளியில் உறுதி விழித்தெழுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். இடைவெளியை நீட்டுவதே செய்யக்கூடியது. படிக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். மேசைமேல் கைப்பேசி வெறுமனே இருப்பதே சிந்திக்கும் திறனைக் குறைக்கிறது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. அதை மீண்டும் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதால் அதைச் சான்றாக வைத்து நான் வாதாடவில்லை. என் காரணம் எளிது. எழுந்து பதினைந்து அடி நடக்கும்போது, தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது நடப்பவருக்கே தெரிந்துவிடுகிறது. பாதி வழியில் பலமுறை திரும்பி வந்திருக்கிறேன். அவசர அழைப்பு தவறிவிடுமே என்ற கவலை இருந்தால், நெருங்கிய சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்து, ஒலியைக் கூட்டி வைத்தால் போதும். பக்கத்து அறையிலிருந்தும் கேட்கும்.

வேலையே கணினியில்தான் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியேறி, கடவுச்சொல்லைச் சேமிக்காமல் வைத்தால் அதே இடைவெளி கிடைக்கும். கடவுச்சொல்லைத் தட்டும் நேரம் அந்தப் பதினைந்து அடிக்குச் சமம்.

விலகுவதைக் கடினமாக்குவது ஒரு பக்கம் என்றால், திரும்புவதை எளிதாக்குவது இன்னொரு பக்கம். பலரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் இதுதான் அதிகப் பலன் தந்தது. இருக்கையை விட்டு எழுமுன், எந்தக் காரணத்துக்காக எழுந்தாலும், ஒரு வரி எழுதிவைப்பேன். “பக்கம் 112, மூன்றாம் பத்தி. அட்டவணை 7 கூட்டல் பார்க்கவில்லை. ‘நிகழ்வு’ என்பதை முன்பு ‘நிகழ்ச்சி’ என்று விட்டோமா, தேடு.” அவ்வளவுதான். திரும்பி வந்தவுடன் எங்கே இருந்தோம் என்று தடவ வேண்டியதில்லை. கை நேராகத் தேடுவதில் இறங்கிவிடும். இடைமறிக்கப்படும்போது எங்கே நிற்கிறோம், திரும்பியதும் என்ன செய்வோம் என்று ஒரு நிமிடம் செலவிட்டு எழுதிச் சென்றவர்கள், இடையில் வந்த அந்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள் என்று மேலே சொன்ன லெராய் 2018இல் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மனம் பழைய வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, அது தொலைந்துவிடுமோ என்ற பயத்தால் போலும். தாளில் எழுதிவிட்டால் பிடியைத் தளர்த்துகிறது. படிக்கும்போது குறுக்கே வரும் நினைவுகளுக்கும் இதே வைத்தியம் பலிக்கும். ‘மின்கட்டணம் கட்டவில்லையே’ என்று தோன்றினால் ‘மின்கட்டணம், இரவு 8 மணி’ என்று எழுதுங்கள். வெறுமனே ‘மின்கட்டணம்’ என்று எழுதினால் போதாது. எப்போது என்பதும் வேண்டும். முடிக்காத காரியங்கள் வேறு வேலையின் நடுவே வந்து தொந்தரவு செய்வது, அவற்றை எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாகக் குறித்துக்கொண்டாலே அடங்கிவிடுகிறது என்று 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் கண்டறிந்தார்கள். காரியத்தை முடித்தாக வேண்டும் என்பதுகூட இல்லை.

சங்கடத்தையே குறைக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். தெளிவில்லாத வேலைதான் அதிகம் தள்ளும். ‘அறிக்கை எழுத வேண்டும்’ என்று உட்காருபவரின் கை பத்து நிமிடத்தில் எழும். ‘இரண்டாம் பத்தியில் செலவு கூடியதற்கான மூன்று காரணங்களை எழுத வேண்டும்’ என்று உட்காருபவருக்கு அடுத்த அடி கண்முன் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து உருவாக்கிய, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையைப் பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தொடங்குவதற்கே தயங்குபவர்களுக்கு அது நல்ல ஊன்றுகோல். 25 என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. மனம் ஒன்றிப் போய்க்கொண்டிருக்கும்போது மணியடித்து எழுப்புவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. நீளத்தைவிட, ஓய்வில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஐந்து நிமிட ஓய்வில் செய்திகளைத் திறந்தால் எங்கோ நடந்த சண்டையின் எச்சத்துடன் திரும்புவீர்கள். சன்னலுக்கு வெளியே பாருங்கள், நடங்கள், கண்ணை மூடி இருங்கள். அது சலிப்பாக இருக்கும். சலிப்பாக இருப்பதால்தான் வேலைக்குத் திரும்பத் தோன்றும்.

இந்தச் சலிப்பைத் தாங்குவதும் பழகிக்கொள்ள வேண்டியதே. 2014இல் திமோதி வில்சனும் அவருடைய குழுவினரும் மனிதர்களை ஒரு வெற்று அறையில் தனியே சிந்தித்துக்கொண்டிருக்கும்படி 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். விரும்பினால் தமக்குத்தாமே லேசான மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. அதைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். அப்படியிருந்தும் ஆண்களில் மூன்றில் இரு பங்கினரும் பெண்களில் நால்வரில் ஒருவரும் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பது நமக்கு அவ்வளவு கடினம். வரிசையில் நிற்கும்போதும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும் கைப்பேசியை எடுக்காமல் இருந்து பாருங்கள். அந்த இரண்டு நிமிடச் சலிப்பைத் தாங்காத மனம், புரியாத பத்தி ஒன்றின் முன் பத்து நிமிடம் உட்காராது.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள் என்பதால் ஒரே ஒரு தகவல். நாளுக்கு 6 மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாக இரண்டு வாரம் தூங்கியவர்களின் கவனம், ஓரிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாம் அவ்வளவு சரிந்துவிட்டதை அவர்களே உணரவில்லை என்பதுதான் அதில் அச்சமூட்டும் செய்தி. நீங்கள் குறைவாகத் தூங்குபவராக இருந்தால் மேலே சொன்ன எதையும் முயலும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு விலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். உடனுக்குடன் பதில் சொல்வதே வேலையாக உள்ளவர்களிடம், உதாரணமாக மருத்துவமனைச் செவிலியரிடமும் உதவி மையத்தில் அழைப்புகளை ஏற்பவரிடமும், கைப்பேசியைப் பக்கத்து அறையில் வையுங்கள் என்று சொல்வது கேலியாகத்தான் இருக்கும். அவர்களுடைய சிதறல் தனிமனிதப் பழக்கத்தால் வந்ததில்லை. ஆள்கூட்டுவதும் பணிநேரத்தைப் பிரிப்பதும் அவர்களுடைய மேலாளர் செய்ய வேண்டியவை. அடுத்து, சிறு வயது முதலே படிப்பிலும் வீட்டிலும் வேலையிலும் ஒரே மாதிரியாக, எதிலும் நிலைக்க முடியாமல் அவதிப்பட்டு வருபவர்களுக்குக் கவனக்குறைபாடு (ADHD) இருக்கக்கூடும். அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது, துண்டுத்தாளால் தீராது. முன்பு முந்நூறு பக்கத்தை இரண்டு நாளில் படித்ததாகச் சொல்லும் உங்களுக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை.

உங்கள் நூலுக்கு வருவோம். இரண்டு நாள் இலக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இன்று மாலை பன்னிரண்டு பக்கம் போதும். கைப்பேசி வேறு அறையில். பக்கத்தில் பென்சிலும் துண்டுத்தாளும். கை எழும்போது ஒரு கோடு போட்டு, எந்த வரியில் எழுந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். பெரும்பாலும் அங்கே தெரியாத ஒரு சொல்லோ, யாரென்று மறந்துபோன ஒரு பாத்திரமோ, வாதத்தில் நீங்கள் தவறவிட்ட ஒரு படியோ இருக்கும். இரண்டு பக்கம் பின்னால் புரட்டினால் தீர்ந்துவிடும். அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாமல், அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத் தோன்றும் இடத்தில் நடுவே நிறுத்துங்கள். மறுநாள் தொடங்குவது எளிதாக இருக்கும். முதல் வாரம் கோடுகள் குறையாது, சில நாள் கூடவும் செய்யும். இதுவரை உங்களுக்கே தெரியாமல் போய்வந்த கை இப்போது கண்ணில் படுவதால் அப்படி. எனக்குக் குறையத் தொடங்கியது மூன்றாம் வாரத்தில்தான். அதுவும் முற்றிலும் நின்றுவிடவில்லை. இதை எழுதும் இன்று மதியம் வரை என் தாளில் ஒன்பது கோடுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு, நெல் விளைச்சல் பற்றிய ஒரே அட்டவணையின் பக்கத்தில் விழுந்தவை. அதன் கூட்டல் இன்னும் சரியாக வரவில்லை.